எம்.எஸ்.டபிள்யூ.: திருச்சியில் ரெகுலரா, வீட்டிலிருந்தே இக்னோவா?

மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கம் டிகிரி முடித்துவிட்டுச் சமூகப்பணி முதுகலை (எம்.எஸ்.டபிள்யூ.) படிக்க நினைப்பவர்களுக்கு இரண்டு வழி. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகம், பிஷப் ஹீபர் கல்லூரி போன்ற இடங்களில் ரெகுலர். இல்லையென்றால் இக்னோவில், அதாவது இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில், தொலைநிலை.

ரெகுலரின் பலமே களப்பணிதான். வழக்கமாக வாரத்தில் இரண்டு நாள் ஆஸ்பத்திரி, தொண்டு நிறுவனம், கிராமம் என்று அனுப்புவார்கள். 2018 கஜா புயலில் தென்னந்தோப்பு மொத்தமும் சாய்ந்த குடும்பத்திடம் போய் "என்ன உதவி வேணும்?" என்று கேட்டால் பதில் வராது. திண்ணையில் உட்கார்ந்து மாடு கன்றைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால்தான் கடன் கணக்கு மெல்ல வெளியே வரும். அதை ரிப்போர்ட்டாக எழுதி, பேராசிரியரிடம் திட்டு வாங்கித் திருத்தும்போதுதான் தொழில் பிடிபடும். இந்தத் திட்டு தபாலில் வராது!

இக்னோவில் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 4. வேலையில் இருப்பவர்களுக்குத் தோது. ஆனால் களப்பணி அங்கேயும் கட்டாயம். வழிகாட்டி பக்கத்தில் கிடைப்பாரா என்று சேரும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

குறுவை, சம்பா என்று வீட்டில் ஆள் தேவைப்பட்டால் இக்னோ போதும். மருத்துவ, மனநலச் சமூகப்பணிக்குப் போகிற எண்ணம் இருந்தால், ஹாஸ்டல் செலவானாலும் ரெகுலர்தான் என்பேன்.