மகலூசோ சகோதரிகள்: ஐந்து பேர், பன்னிரண்டு நடிகைகள்

எம்மா தாந்தே இயக்கிய ‘லெ சொரெல்லே மகலூசோ’ 2020ல் வெனிஸ் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவில் திரையிடப்பட்ட இத்தாலியப் படம். சிசிலியின் பலெர்மோ நகரில் ஒரு பழைய கட்டடம். அதன் மேல்மாடியில் மரியா, பினூச்சா, லியா, காத்யா, அந்தோனெல்லா என்று ஐந்து அக்கா தங்கைகள். அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. புறா வளர்த்து, கல்யாணம் காட்சிகளில் பறக்கவிட வாடகைக்குக் கொடுத்துப் பிழைக்கிறார்கள். எங்கே கொண்டுபோய் விட்டாலும் புறாக்கள் கூட்டுக்குத் திரும்பிவிடும். கோடையில் ஒருநாள் ஐந்து பேரும் மொந்தெல்லோ கடற்கரைக்குக் கிளம்புகிறார்கள். கடைக்குட்டி அந்தோனெல்லா அங்கே செத்துப்போகிறாள்.

கதையை உடைத்துவிட்டேன் என்று யாரும் கோபப்பட வேண்டாம். அந்தச் சாவு எப்படி நடந்தது என்பதைப் படம் சட்டென்று சொல்வதில்லை. துண்டு துண்டாகத்தான் அவிழ்க்கிறது. அதற்குள் மற்றவர்கள் நடுவயதைத் தாண்டி முதுமைக்கே வந்துவிடுகிறார்கள். ஐந்து பாத்திரங்களுக்குப் பன்னிரண்டு நடிகைகள். பினூச்சா, லியா, காத்யா மூவருக்கும் வயதுக்கு ஒருவராக மும்மூன்று பேர். மரியாவுக்கு இரண்டே பேர். அந்தோனெல்லாவுக்கு ஒரே ஒரு சிறுமி. யாருக்கு எவ்வளவு ஆயுள் என்பது இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

முதல் பகுதியை நான் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தேன். பெண்பிள்ளைகள் நிறைந்த வீட்டில் வளர்ந்தவளுக்கு அந்தச் சத்தம் தெரியும். ஒருத்திக்குக் கண்ணாடியை விட்டு நகர மனம் வராது, இன்னொருத்திக்குப் புத்தகத்தை விட்டு. உடையில் சண்டை, குளியலறையில் சண்டை, அடுத்த நிமிடம் ஒருத்தி மடியில் ஒருத்தி. மூத்தவள் மரியாவுக்கு நடனக்காரி ஆகும் ஆசை. இன்னொரு பெண்ணிடம் ரகசியமாகக் காதல். கடற்கரையில் 1913ல் கட்டிய குளியல் மாளிகை கடலுக்குள் தூண்களின்மேல் நிற்கிறது. ‘சார்ல்ஸ்டன்’ என்று அழைப்பார்கள். இத்தனை அழகான இடத்தில் இத்தனை சந்தோஷத்தைக் காட்டிவிட்டுத்தான் தாந்தே நம் காலுக்குக் கீழே இருப்பதை உருவுகிறார்.

ஆனால் படம் என்னை அடித்துப்போட்டது நடுப்பகுதியில். அதே வீடு. பினூச்சாவும் லியாவும் இன்னும் அங்கேதான். காத்யா கல்யாணமாகிப் போனவள். வீட்டை விற்றுவிடலாம் என்கிறாள். நடனக்காரி ஆக நினைத்த மரியா செத்த விலங்குகளின் உடலைக் கூறுபோடும் வேலையில் இருக்கிறாள், புற்றுநோயோடு. எல்லாரும் சாப்பிடக் கூடுகிறார்கள். அந்தக் கூடல் சண்டையில் போய் முடிகிறது. இத்தனை வருடம் கழித்தும் அந்த ஒரு நாளைத்தான் ஒருவர்மீது ஒருவர் தூக்கி எறிகிறார்கள். யார் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், யார் பார்க்கவில்லை? குடும்பத்தில் ஒரு குழந்தை போன பிறகு அழுகை ஓய்ந்துவிடும். இந்தக் கேள்வி ஓயாது. எங்கள் குடும்பத்திலும் அது இன்னும் ஒவ்வொரு விசேஷத்திலும் எங்கேயாவது தலைகாட்டும். பினூச்சாவாக வரும் தொனத்தெல்லா ஃபினொக்கியாரோவும் லியாவாக வரும் செரேனா பரோனேவும் மோதிக்கொள்ளும்போது நடிப்பைப் பார்க்கிறோம் என்ற நினைப்பே வரவில்லை. இவர்களுக்கு நடுவே அந்தோனெல்லா அதே சிறுமியாக வீட்டுக்குள் நடமாடுகிறாள். பேய்ப்பட வித்தை எதுவும் இல்லை. செத்தவர்கள் அந்த வீட்டில் குடியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இது முதலில் நாடகம். தாந்தே 2014ல் மேடையேற்றியபோது சகோதரிகள் ஏழு பேர். வீடு என்று ஒன்று இல்லை, இருண்ட வெறும் மேடைதான். படத்துக்காக ஐந்தாகக் குறைத்து, ஒரு வீட்டையும் கட்டிக்கொடுத்தார். அந்த முடிவுதான் படத்தைத் தூக்கி நிறுத்துகிறது. மனிதர்கள் இல்லாத அறைகளைக் கேமரா சும்மா பார்த்துக்கொண்டிருக்கும் நேரங்களில், புறாக்கள் உள்ளே வந்து உலாத்தும்போது, சுவர் நிறம் மங்குவதில் எத்தனை வருடம் போனது என்று நமக்கே புரிகிறது.

குறையும் உண்டு. முதுமைப் பகுதி அவசரமாக ஓடுகிறது. காத்யாவை இன்னும் கொஞ்சம் தெரிந்துகொண்டிருந்தால் அவள் பக்க நியாயமும் நமக்கு உறைத்திருக்கும். புறாக்களையும் சில இடங்களில் குறைத்திருக்கலாம். சொல்ல வந்தது முன்பே புரிந்துவிட்டது. ஆனாலும் 2021ல் இத்தாலியின் நாஸ்த்ரோ தார்ஜென்தோ விருதுகளில் சிறந்த படம், சிறந்த இயக்கம் இரண்டும் இதற்குக் கிடைத்ததில் எனக்கு முழுச் சம்மதம்.

பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று: ஆரம்பத்திலேயே பெயர்களையும் குணத்தையும் மனதில் பதித்துக்கொள்ளுங்கள். வயது மாறும்போது முகத்தை வைத்து அடையாளம் காண முடியாது. குணத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். அண்மையில் வீட்டில் துக்கம் நடந்திருந்தால் கொஞ்ச நாள் தள்ளிப்போடுங்கள். மற்றவர்கள், முடிந்தால் கூடப் பிறந்தவர்களோடு உட்கார்ந்து பாருங்கள்.