ஏஏவிஎஸ்ஓ சார்ட்: சில வருடப் பழக்கத்துக்குப் பிறகு

மாறும் விண்மீன்களை (பொலிவு கூடிக் குறைபவை) பார்க்க, 1911-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஏஏவிஎஸ்ஓ (அமெரிக்க மாறும் விண்மீன் அவதானிப்பாளர் சங்கம்) என்ற அமைப்பு இணையத்தில் இலவசமாகத் தரும் சார்ட்டைத்தான், அதாவது வான வரைபடத்தைத்தான், சில வருடங்களாகப் பயன்படுத்துகிறேன். விண்மீனின் பெயரைக் கொடுத்து அளவைத் தேர்ந்தெடுத்தால் படம் தயார். 'பி' என்றால் 3 பாகை வானம், 'இ' என்றால் அரைப் பாகை.

மாறும் விண்மீனின் பொலிவை மதிப்பிட உதவும், பொலிவு மாறாத ஒப்பீட்டு விண்மீன்களின் பக்கத்தில் 84, 91 என்று இருக்கும். பொலிவெண் 8.4, 9.1 என்று படிக்க வேண்டும் (எண் கூடினால் விண்மீன் மங்கல்). தசமப் புள்ளி போட்டால் அதுவும் ஒரு விண்மீனாகத் தெரியும் என்பதால் விட்டுவிட்டார்கள்.

புதியவர்கள் சலித்துப்போவது திசையில்தான். சார்ட்டில் வடக்கு மேலே, கிழக்கு இடப்பக்கம். பைனாகுலருக்கு அப்படியே பொருந்தும். நியூட்டோனியன் வகைக் கண்ணாடித் தொலைநோக்கியில் காட்சி தலைகீழாகத் தெரியும். தாளைத் திருப்பிப் பிடித்தால் போதும். டயகனல் (ஒளியைப் பக்கவாட்டில் திருப்பும் கண்ணாடி) மாட்டிய தொலைநோக்கியில் இடம் வலமாகிவிடும், தாளை எப்படிச் சுழற்றினாலும் ஒத்துவராது. அதற்கென்று இடவலம் மாற்றிய சார்ட்டைக் கேட்டு வாங்க வேண்டும்.

பழக ஏற்றது சிம்மத்தில் உள்ள ஆர் லியோனிஸ் என்ற மாறும் விண்மீன். மகத்துக்கு மேற்கே சுமார் 5 பாகையில், 18, 19 லியோனிஸ் என்ற இரண்டு விண்மீன்களையும் ஒட்டியே இருக்கிறது. ஏறக்குறைய 310 நாளில் 4.4-க்கும் 11.3-க்கும் இடையே ஏறி இறங்கும். மங்கிய மாதங்களில் பைனாகுலரில் அந்த இரண்டு மட்டும்தான் மிஞ்சும். மொபைல் ஆப்பில் போட்டிருக்கும் பொலிவை நம்பித் தேடினால் வீண் அலைச்சல். இது செந்நிற விண்மீன். உற்றுப் பார்க்கப் பார்க்கப் பொலிவு கூடுவதுபோலத் தோன்றும். சட்டென்று பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்துவிட வேண்டும்.

சிக்னஸ் விண்மீன் குழுவில் உள்ள கை (χ) சிக்னி என்ற மாறும் விண்மீன் வேறு ரகம். 3.3-இலிருந்து 14.2 வரை இறங்கும், சுற்று 408 நாள். அது மங்கியிருந்த சமயத்தில் வானியலாளர் ஃபிளாம்ஸ்டீடே 17 சிக்னி என்ற வேறொரு விண்மீனுக்கு 'கை' என்ற பெயரைக் கொடுத்துவிட்டார்! பால்வழியின் நெரிசலில் 'பி' சார்ட்டை வைத்துக்கொண்டு அடிமட்டப் பொலிவில் இதைப் பிடிக்க முடியாது, 'இ' வேண்டும்.

குறை என்றால் இந்த நெரிசல்தான். எந்த எண் எந்தப் புள்ளிக்கு என்று சிவப்பு டார்ச்சில் புரிவதில்லை. பகலிலேயே பார்த்து, தேவையான நான்கைந்து ஒப்பீட்டு விண்மீன்களைப் பேனாவால் வட்டமிட்டுக்கொள்கிறேன். சிவப்பு மை வேண்டாம், அந்த வெளிச்சத்தில் மறைந்துவிடும். சார்ட்டின் அடையாள எண்ணையும் குறிப்பேட்டில் எழுதிவிடுவேன். ஒப்பீட்டுப் பொலிவுகளை அவ்வப்போது திருத்துகிறார்கள், எந்தச் சார்ட்டை வைத்துக் கணித்தது என்று தெரியாத அவதானிப்பைப் பிறகு சரிசெய்ய வழியில்லை.