தர்மபுரியில் மங்கு க்ரீம் வாங்கப் போகிறவர்கள் கவனிக்கவும்

எங்கள் அண்ணிக்குப் பாலக்கோடு பக்கம் தக்காளித் தோட்டம், நாள் முழுக்க வெயிலில்தான் வேலை, இரண்டு கன்னத்திலும் மங்கு விழுந்துவிட்டது. தர்மபுரி டவுனில் ஒரு பேன்ஸி ஸ்டோருக்குக் கூட்டிப் போய் சன்ஸ்கிரீன் கேட்டேன். "கருப்பா இருக்கறவங்கள வெயில் ஒண்ணும் பண்ணாதும்மா, மங்குக்கு நாங்களே கலக்கறது இருக்கு" என்று கடைக்காரம்மா உள்ளேயிருந்து ஒரு வெள்ளை டப்பாவை எடுத்து வந்தார். 400 ரூபாய், பில் கிடையாது. மூடியில் ஒரு ரோஜாப் படம், நைட் க்ரீம் என்று ஒரு ஸ்டிக்கர், அவ்வளவுதான். என்ன கலந்திருக்கிறது, யார் தயாரித்தது, லைசென்ஸ் நம்பர், காலாவதித் தேதி, எதுவுமே இல்லை.

முகம் சீக்கிரமே பளிச்சென்று ஆனது உண்மைதான், பக்கத்துத் தோட்டத்துப் பெண்கள்கூட விசாரித்தார்கள். டப்பா தீர்ந்து பூசாமல் விட்டதும் ஆரம்பித்தது வினை. கருத்த முகத்தில் சிவப்பு சட்டென்று தெரியாது, தொட்டால்தான் அனலாக அடித்தது. பரு, தாடையில் பூனைமுடி, அடுப்பு முன்னால் நிற்க முடியாத எரிச்சல். மங்கு முன்பைவிடக் கருத்துவிட்டது.

தோல் டாக்டர் பார்த்ததுமே க்ரீமில் ஸ்டீராய்டு மருந்து கலந்திருக்கிறது என்றார். குளோபெட்டசால், பெட்டாமெத்தசோன் மாதிரி மருந்தைத்தான் இப்படிக் கலக்கிறார்களாம். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே கெடுபிடி செய்த சாமான், இங்கே வளையல், பொட்டோடு சேர்த்து விற்கிறது! கடையில் போய்க் கேட்டால் "உங்க உடம்புக்கு ஒத்துக்கல" என்று ஒரே பதில், பில் இல்லாததால் அப்படி ஒன்றை விற்றதாகவே ஒப்புக்கொள்ளவில்லை.

கருப்புக்கு சன்ஸ்கிரீன் வேண்டாம் என்பதும் சுத்தப் பொய். கருப்பு நிறம் தரும் மெலனின் இருப்பதால் தோல் சீக்கிரம் பொசுங்காது, சரி, ஆனால் மங்கை வெயில் மட்டுமில்லை, கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமே கருக்கிவிடும், நம் மாதிரித் தோலில் அது இன்னும் அதிகம். அதனால் எஸ்பிஎஃப் (வெயிலைத் தடுக்கும் அளவு) 30-க்குக் குறையாமல், அந்த வெளிச்சத்தையும் தடுக்கிற அயர்ன் ஆக்சைடு சேர்ந்த, தோல் நிறம் கலந்த சன்ஸ்கிரீனாகப் பார்த்து வாங்கச் சொன்னார் டாக்டர். சாதா சன்ஸ்கிரீன் விபூதி பூசியதுபோல் வெளுத்துத் தெரியுமே, அந்தத் தொல்லையும் இதில் குறைவு. தோட்டத்துக்குப் போகிறவர்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும், தலையில் துண்டு அல்லது அகலத் தொப்பியும் வேண்டும்.

இந்த மாதிரி டப்பா இப்போது பூசிக்கொண்டிருப்பவர்கள் பயந்துபோய் ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள், அப்போதுதான் முகத்தில் எரிச்சலும் பருவும் அதிகமாகக் கிளம்பும். டப்பாவைத் தூக்கி எறியாமல் தோல் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள், எப்படிக் குறைப்பது என்று அவர் சொல்வார்.