விரல் ரேகை இயந்திரம் வாங்குவதற்கு முன் பெற்ற ஆலோசனை: ஒரு மதிப்புரை

திருப்பூரில் சாயப் பிரிவும் தையல் பிரிவும் ஒரே வளாகத்தில் இயங்கும் பனியன் கம்பெனி ஒன்றின் நிர்வாகத்தைக் கவனித்து வருகிறேன். ஏறத்தாழ 400 பேர் வேலை செய்யும் இடத்தில், ஒருவருடைய அட்டையை இன்னொருவர் தேய்த்து வருகை போடுவது ஒவ்வொரு சம்பள நாளையும் சண்டை நாளாக்கியதால், விரல் ரேகை இயந்திரம் வைத்துவிடலாம் என்று முடிவெடுத்தோம். விற்பனைக்காரர்கள் மூன்று பேர் வந்து ஆளுக்கொரு கதை சொல்லிவிட்டுப் போனபின், எந்த இயந்திரத்தையும் விற்காமல் ஆலோசனை மட்டும் வழங்கும் கோவை நிறுவனம் ஒன்றை அமர்த்தினோம். அவர்களுடைய குறைகளையும் எழுதப்போவதால் பெயரைத் தவிர்க்கிறேன்.

வந்த அன்று அவர்கள் கேட்ட முதல் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை: இயந்திரம் ஏற்றுக்கொள்ளாத தொழிலாளி அன்றைக்கு என்ன செய்வார், அவருடைய கூலி என்ன ஆகும்? மறுநாள் காலை ஷிப்ட் தொடங்கும் நேரத்தில், விற்பனைக்காரர்கள் பார்வைக்குக் கொடுத்திருந்த நான்கு இயந்திரங்களை வாசலில் வைத்து, எல்லாப் பிரிவினரையும் விரல் வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். தையல் பிரிவில் பெரிய சிக்கல் இல்லை. காஸ்டிக் சோடாவிலும் பெராக்சைடிலும் ஆண்டுக்கணக்கில் கை நனைத்த சாயப் பிரிவினரில் பலருக்கு மூன்று முறை வைத்தும் ரேகை பதிவாகவில்லை. “ரேஷன் கடையிலயும் எனக்கு விழுகாதுங்க, கண்ணைக் காட்டித்தான் அரிசி வாங்கறேன்” என்று ஒரு அம்மா சொன்னார். அலுவலக அறையின் குளிர்ச்சியில், மேலாளரின் மிருதுவான விரலை வைத்துக் காட்டிய விற்பனைக்காரர்கள் எவரும் சாயப்பட்டறைப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

இந்த ஆலோசனையின் சிறந்த பகுதி, விற்பனைக்காரர்கள் சொன்ன ஒரு கணக்கை அவர்கள் பிரித்துக் காட்டியதுதான். தவறான ஆளை ஏற்கும் வாய்ப்பு லட்சத்தில் ஒன்று என்று ஒரு விற்பனைக்காரர் பெருமையாகச் சொல்லியிருந்தார். அது ஒரு விரலை ஒரே ஒருவருடைய பதிவோடு ஒப்பிடும்போது பொருந்தும் கணக்கு. அட்டையோ எண்ணோ இல்லாமல் விரலை மட்டும் வைத்தால், இயந்திரம் அதை 400 பேருடைய பதிவுகளோடும் ஒப்பிட வேண்டியிருக்கிறது. எனவே வெளியாள் ஒருவர் ஒருமுறை விரல் வைத்தால், யாரோ ஒருவராக ஏற்கப்படும் வாய்ப்பு ஏறத்தாழ 250இல் ஒன்றாக ஏறிவிடுகிறது. இயந்திரத்தைக் கடுமையாக்கி இதைக் குறைக்கலாம் என்றாலும், அப்போது உண்மையான தொழிலாளிகள் வாசலில் நிற்பது கூடும். இவ்வளவு எளிமையாக இதை எனக்கு முன்பு யாரும் விளக்கியதில்லை.

போலி விரல் சோதனையையும் செய்தார்கள். எங்கள் மேலாளரின் சம்மதத்தோடு அவர் விரலை அச்செடுத்து, அந்த அச்சில் வார்த்த மெல்லிய தோலை வைத்தபோது, நான்கில் மலிவான இரண்டு இயந்திரங்கள் அவரையே ஏற்றுக்கொண்டதுபோல் பச்சை விளக்கு காட்டின. ஜப்பானின் யோகோஹாமா தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர் மாட்சுமோட்டோ, ஜெலட்டின் விரல்களால் சந்தையிலிருந்த கருவிகளை ஏமாற்றிக் காட்டியது 2002இல். அதற்குப் பிறகும் உயிருள்ள விரலா என்று சோதிக்கும் வசதி இல்லாத கருவிகள் தாராளமாக விற்கப்படுகின்றன.

அடுத்து, ரேகைகளை எங்கே வைப்பது என்ற கேள்வி. அமெரிக்க அரசின் பணியாளர் நிர்வாக அலுவலகத்திலிருந்து 2015இல் 56 லட்சம் பேரின் விரல் ரேகைகள் திருடுபோனதை எடுத்துக்காட்டி, கடவுச்சொல் போனால் மாற்றலாம், விரல் போனால் மாற்ற வழியில்லை என்றார்கள். அவர்களுடைய பரிந்துரை, ரேகையிலிருந்து எடுக்கும் குறிப்பை அவரவர் அட்டையிலேயே பதிந்து கொடுத்துவிட்டு, கம்பெனிக் கணினியில் எதையும் வைக்காமல் இருப்பது. அட்டையை வைத்து விரலையும் வைத்தால் ஒருவரை ஒருவரோடு மட்டுமே ஒப்பிட வேண்டும் என்பதால் முன்பு சொன்ன 250 கணக்கும் இதில் தீர்ந்துவிடுகிறது. ரேகை தேய்ந்தவர்களுக்குக் கருவிழிக் கருவி அல்லது அட்டையோடு மேற்பார்வையாளர் கையொப்பம் என்று மாற்று வழியையும் எழுதிக் கொடுத்தார்கள்.

ஆதாரோடு இணைத்துத் தருகிறேன் என்று ஒரு விற்பனைக்காரர் ஆசை காட்டியிருந்தார். ஒப்பந்தத்தின் பேரில் தனியார் நிறுவனங்கள் ஆதாரைப் பயன்படுத்த இடம் தந்த, ஆதார் சட்டத்தின் 57ஆம் பிரிவின் பகுதியை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 26ஆம் தேதி ரத்து செய்ததைச் சொல்லி, உரிய அனுமதி இல்லாமல் அந்தப் பக்கமே போகக்கூடாது என்று தடுத்ததற்கு நன்றி சொல்ல வேண்டும்.

இனிக் குறைகள். நாற்பது பக்க அறிக்கை முழுவதும் ஆங்கிலத்தில் வந்தது. தொழிலாளர்கள் கையெழுத்திட வேண்டிய சம்மதப் படிவமும் அப்படியே வந்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. எங்களிடம் வேலை செய்பவர்களில் கணிசமானோர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள்; படிக்க முடியாத தாளில் வாங்கும் கையெழுத்தைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது? தமிழ், இந்தி, ஒடியா மொழிபெயர்ப்புகளை நாங்களே செலவு செய்து தயாரித்தோம். அதைவிடப் பெரிய தவறு ஒன்றும் நேர்ந்தது. அட்டையில் பதியும்போது ரேகைக் குறிப்பின் பிரதி ஒன்று பதிவுக் கருவியின் நினைவகத்திலும் தங்கியது. அதை ஆலோசகர்கள் கவனிக்கவில்லை. எங்கள் கணினிப் பிரிவுத் தம்பிதான் கண்டுபிடித்தார். நோக்கம் முடிந்த தனிநபர் தரவை அழிக்கச் சொல்லும் 2023ஆம் ஆண்டுச் சட்டத்தை அறிக்கையில் இரண்டு பக்கம் விளக்கியவர்கள் இதைத் தவறவிட்டது வியப்பாக இருந்தது. சுட்டிக்காட்டியதும் மறுநாளே வந்து, கட்டணம் எதுவும் வாங்காமல் சரிசெய்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கட்டணம் நாங்கள் வாங்க நினைத்த இயந்திரங்களின் விலையில் பாதியை எட்டியதால் முதலாளி முதலில் முகம் சுளித்தார். இப்போது அவரே இரண்டாவது யூனிட்டுக்கும் இவர்களையே அழைக்கச் சொல்லியிருக்கிறார்; படிவங்களை மூன்று மொழிகளிலும் அவர்களே தர வேண்டும், கருவியின் நினைவகம் காலியாக இருப்பதை எங்கள் எதிரில் திறந்து காட்ட வேண்டும் என்ற இரண்டையும் இந்த முறை ஒப்பந்தத்திலேயே சேர்த்திருக்கிறேன்.