வைஃபையில் யார் யார்? ரவுட்டர் பக்கம், ஃபிங், நெட்அலர்ட்எக்ஸ்: எதன் கணக்கை நம்பலாம்

சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுக்கு ஒரே ஃபைபர் இணைப்பு. கீழே நாங்கள், மாடியில் வாடகைக்கு ஒரு குடும்பம், பில் பாதிப் பாதி. ராத்திரி வேகம் குறைந்தால் யார் இழுக்கிறார்கள் என்று பார்க்க ரவுட்டரின் பக்கத்தைத் திறப்போம். அணைத்து வைத்த டிவி ஆன்லைனில் இருப்பதாகக் காட்டும். ஓடிக்கொண்டிருக்கும் கேமரா பெட்டியைக் காணோம். பாதிக்குப் பெயரே இருக்காது. மாடி வீட்டு அக்கா ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, "எங்க வீட்ல மொத்தமே நாலு போன்தாண்ணா, இதுல எங்க பேர்ல ஆறு காட்டுதே?" என்றார். பில் பங்கிடும் இடத்தில் இது சின்னக் கேள்வி இல்லை.

அதனால் ரவுட்டரின் பக்கம், ஃபிங் என்ற ஆப், வீட்டு வலையைத் தொடர்ந்து கண்காணிக்கும் நெட்அலர்ட்எக்ஸ் என்ற மென்பொருள் என்று மூன்று வழிகளையும் ஓட்டிப் பார்த்தேன். இப்போது என்னிடம் இருப்பது நெட்அலர்ட்எக்ஸ். என் சாய்வு அந்தப் பக்கம்தான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ரவுட்டர் பக்கத்தின் வசதி எல்லோருக்கும் தெரிந்தது: காசு இல்லை, எதையும் நிறுவ வேண்டாம், உலாவியில் 192.168.1.1 என்றோ உங்கள் ரவுட்டரின் முகவரி எதுவோ அதையோ அடித்தால் வந்துவிடும். கோளாறு அது காட்டும் பட்டியலில் இருக்கிறது. பல ரவுட்டர்கள் அங்கே காட்டுவது டிஹெச்சிபி லீஸ் கணக்கை, அதாவது எந்தச் சாதனத்துக்கு எந்த ஐபி (வலைக்குள் அதன் முகவரி எண்), எவ்வளவு நேரத்துக்கு என்று ரவுட்டர் ஒதுக்கிய கணக்கை. இந்த நிமிடம் யார் இணைந்திருக்கிறார்கள் என்பது வேறு கணக்கு. லீஸ் 24 மணி நேரம் என்றால், காலையில் வந்து காபி குடித்துவிட்டுக் கிளம்பிய சித்தப்பாவின் போன் மறுநாள் காலை வரை பட்டியலில் உட்கார்ந்திருக்கும்.

இதற்கு நேர்மாறான தப்பும் நடக்கும். கரண்ட் போய் ரவுட்டர் அணைந்து எழுந்தால், பல மாடல்களில் லீஸ் கணக்கு அழிந்துவிடும். வைஃபை சாதனங்கள் மறுபடி இணையும்போது ஐபி கேட்கும், அதனால் பட்டியலில் ஏறிவிடும். ஆனால் வயரில் இணைந்த எங்கள் கேமரா பெட்டியும், அதற்கும் ரவுட்டருக்கும் நடுவில் இருக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச்சும் (நெட் வயர்களைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) இன்வெர்ட்டர் லைனில் இருக்கின்றன. ஸ்விட்ச் அணையாததால், ரவுட்டர் போய் வந்தது பெட்டிக்குத் தெரியவே தெரியாது. கையில் இருக்கும் ஐபியோடு வேலை பார்த்துக்கொண்டே இருக்கும். லீஸில் பாதி கழிந்த பிறகுதான் புதுப்பிக்கக் கேட்கும். 24 மணி நேர லீஸ் என்றால் 12 மணி நேரம் வரைகூட, ஓடும் பெட்டி ரவுட்டருக்கு இல்லாத பெட்டி. கோடைக்காலத்து வேலூரில் கரண்ட் எத்தனை தடவை வந்து போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. லீஸ் நேரத்தை 2 மணி நேரமாகக் குறைத்தால் இரண்டு தப்பும் பெருமளவு அடங்கும். ரவுட்டர் பக்கத்தோடு காலம் தள்ளுகிறவர்கள் இதையாவது செய்துவிடுங்கள்.

அடுத்தது ஃபிங். போனில் போட்டு ஒரு தட்டு தட்டினால் பட்டியல் வந்துவிடும், பார்க்கவும் அழகு. ஆனால் ஆண்ட்ராய்டு 10-க்குப் பிறகும், ஐபோனில் ஐஓஎஸ் 11-க்குப் பிறகும், மற்ற சாதனங்களின் மேக் அட்ரஸை (ஒவ்வொரு சாதனத்தையும் வலையில் அடையாளம் காட்டும் எண்) பார்க்கும் வழியைச் சாதாரண ஆப்களுக்கு மூடிவிட்டார்கள். இது ஆப்பின் குறை இல்லை, போனின் கட்டுப்பாடு. மேக் தெரியாவிட்டால் ஐபியையும், சாதனங்கள் தாமாக அறிவிக்கும் பெயரையும் வைத்து ஊகிக்க வேண்டியதுதான். ஐபோனில் 'லோக்கல் நெட்வொர்க்' அனுமதி கொடுக்க மறந்தாலோ, போன் கெஸ்ட் வைஃபையில் இருந்தாலோ பட்டியல் ஏறக்குறைய காலியாக வரும். காட்பாடியில் அக்கா வீட்டுக்குப் போகும்போது "நெட் ஏன்டா இப்படி இருக்கு" என்று கேட்டால், சட்டென்று ஒரு பார்வை பார்க்க இது போதும். லேப்டாப்பில் போடும் ஃபிங் மேக்கையும் காட்டும். ஆனால் லேப்டாப் மூடியிருக்கும் நேரத்தில் யார் வந்து போனார்கள் என்று அதற்குத் தெரியாது.

நெட்அலர்ட்எக்ஸ் இலவச மென்பொருள், முன்பு பை.அலர்ட் என்ற பெயரில் இருந்தது. எப்போதும் ஓடும் ஒரு சின்ன கணினி வேண்டும். என்னிடம் ராஸ்பெர்ரி பை 4, பழைய லேப்டாப்பும் போதும். பை சும்மா இருக்கும்போது 3 வாட் அளவுதான் இழுக்கும், மாதம் 2 யூனிட் சொச்சம். டாக்கரில் (மென்பொருளைத் தனிப் பெட்டிபோல அடைத்து ஓட்டும் முறை) போடுகிறவர்கள் 'ஹோஸ்ட் நெட்வொர்க்' முறையில் போட வேண்டும். இல்லாவிட்டால் அது டாக்கரின் உள் வலையைத் தேடிவிட்டு, வீட்டில் யாருமே இல்லை என்று சொல்லும்.

அது வேலை செய்யும் விதம் நேரடியானது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை, வீட்டு வலையில் இருக்கக்கூடிய 254 முகவரிகளையும் "இந்த ஐபி யாருடையது?" என்று ஏஆர்பி மூலம் கேட்கும். 'இருக்கிறாயா?' என்று கேட்கும் பிங் (ping) செய்திக்குப் பதில் சொல்லாத விண்டோஸ் கணினிகூட இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அதனால் வலையில் பேசவே முடியாது. அதனால் கேமரா பெட்டி கரண்ட் வந்த கொஞ்ச நேரத்திலேயே பட்டியலில் வந்துவிடுகிறது, அணைத்த டிவி போய்விடுகிறது. ஆழ்ந்த தூக்கத்தில் இருக்கும் போன்கள் மட்டும் சில சுற்றுகளில் தவறும். போன்களுக்கு 'டவுன்' (சாதனம் காணோம் என்ற) எச்சரிக்கையை அணைத்து வைப்பது நல்லது, இல்லாவிட்டால் ராத்திரி முழுக்க டெலிகிராமில் தகவல் வந்து குவியும்.

சரி, இதையெல்லாம்விட எனக்கு முடிவைத் தீர்மானித்தது ஒன்றுதான்: நாம் வைத்த பெயர் நிலைக்கிறதா? முதல் நாள் எந்தப் பட்டியலும் பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். ஒவ்வொரு சாதனத்தையும் அணைத்து அணைத்துப் பார்த்து, 'மாடி டிவி', 'அம்மா போன்' என்று பெயர் போடுவோம். சில மாதம் போனால் அதில் எத்தனை உண்மையாக இருக்கிறது என்பதுதான் கேள்வி.

பெயர் கலைவதற்கு முதல் காரணம் ரீசெட். லைன் பார்க்க வருகிற தம்பி முதலில் ஒரு குச்சியால் ரீசெட் பொத்தானைக் குத்துவார். "ரீசெட் பண்ணிட்டேன்ணா, இப்ப சரியா வரும்." நெட் வரும், ரவுட்டரில் எழுதிய பெயர் எல்லாம் போகும். ரவுட்டரையே மாற்றினாலும் இதே கதி. நெட்அலர்ட்எக்ஸில் பெயர்கள் என் கணினியில் இருக்கின்றன, சிஎஸ்வி கோப்பாகவும் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது காரணம் இன்னும் நுட்பமானது. 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10-இலிருந்தும், 2020-இல் வந்த ஐஓஎஸ் 14-இலிருந்தும், போன்கள் தங்கள் உண்மையான மேக்கை வைஃபையில் காட்டுவதில்லை. ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் தனித்தனியாக ஒரு போலி மேக் போட்டுக்கொள்கின்றன. எங்கள் ரவுட்டர் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு ஒரு பெயர், 5 கிகாஹெர்ட்ஸுக்குப் பின்னால் '5ஜி' ஒட்டிய இன்னொரு பெயர் என்று பரப்பிக்கொண்டிருந்தது. இரண்டிலும் மாறி மாறி இணையும் ஒரே போன் இரண்டு மேக்கோடு இரண்டு சாதனமாகத் தெரியும். மாடி அக்காவின் நாலு ஆறானது இப்படித்தான். இரண்டு பெயரையும் ஒன்றாக்கியதும் நாலு நாலாகவே நின்றது.

ரீசெட்டுக்குப் பிறகு வைஃபைக்குப் பழைய பெயரையே எழுத்துப் பிசகாமல் வையுங்கள், ஆண்ட்ராய்டு போன்கள் பழைய போலி மேக்கோடு திரும்பி வரும். புதுப் பெயர் வைத்தால் எல்லாமே புது ஆட்கள். ஐஓஎஸ் 18-இல் தனிப்பட்ட வைஃபை முகவரிக்கு 'ஆஃப்', 'ஃபிக்ஸட்' (மாறாதது), 'ரொட்டேட்டிங்' (அவ்வப்போது மாறுவது) என்று மூன்று தேர்வு இருக்கிறது. வீட்டு வைஃபைக்கு ஃபிக்ஸட் போதும். போலியா என்று கண்டுபிடிப்பதும் எளிது: மேக்கில் இரண்டாவது இடத்தில் 2, 6, ஏ, ஈ இவற்றில் ஒன்று இருந்தால் பெரும்பாலும் போலி. அதற்குத் தயாரிப்பாளர் பெயர் தேடிப் பயனில்லை. 'எஸ்பிரசிஃப்' என்று ஒன்று வந்தால் பயப்பட வேண்டாம். அது ஷாங்காயைச் சேர்ந்த சிப் நிறுவனம், மலிவான வைஃபை பல்பிலும் ஸ்மார்ட் பிளக்கிலும் அதன் சிப்தான் அதிகம்.

நெட்அலர்ட்எக்ஸும் ஏமாறும் இடம் உண்டு. சாதாரண ரிப்பீட்டருக்கு (வைஃபை சிக்னலை வாங்கித் தூரத்துக்குக் கடத்தும் பெட்டி) பின்னால் இருக்கும் சாதனங்கள் பலவும் ரிப்பீட்டரின் மேக்கோடுதான் வெளியே தெரியும். மேக்கை வைத்து ஆளை அடையாளம் காண்பதால், அது மூன்று போனை ஒரே சாதனமாக்கி, ஐபி மட்டும் மாறிக்கொண்டே இருப்பதாகக் காட்டும். மாடிக்கு ரிப்பீட்டரை எடுத்துவிட்டு, வயர் இழுத்து, பழைய ரவுட்டர் ஒன்றை ஆக்சஸ் பாயின்ட் முறையில் (தனி வலை அமைக்காமல் வைஃபை மட்டும் தரும் முறை) வைத்தேன். அதை ரவுட்டர் முறையிலேயே விட்டால் மாடி மொத்தமும் ஒரே சாதனமாகத் தெரியும், கவனம்.

மெஷ் செட் (ஒரே வைஃபையை வீடு முழுக்கப் பரப்பும் பல பெட்டிகள்) வாங்கியவர்களுக்கு அதன் ஆப்பே போதுமா என்று கேட்கலாம். மைத்துனன் வீட்டில் பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறேன், என் வீட்டில் மெஷ் ஓடியதில்லை. எந்தப் பெட்டியில் எந்தப் போன் இருக்கிறது என்று அது காட்டுவது மற்ற மூன்றிலும் இல்லாத வசதி. பெயர்கள் எத்தனை நாள் நின்றன என்று கேட்டால், அவன் வைத்ததே நாலைந்துதான்.

சிஎம்சி மருத்துவமனை பக்கம் பாபு ராவ் தெரு, காந்தி ரோடு லாட்ஜ்களுக்கு இந்த மூன்றில் எதுவும் சரிப்படாது. மருத்துவத்துக்கு மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்து, சில வாரம் தங்கிப் போகிறவர்களின் போனுக்குப் பெயர் வைத்து யார் மேய்ப்பது? அதிலும் கடவுச்சொல் இல்லாத வைஃபையில் ஐபோன் தானாகவே ரொட்டேட்டிங்கில் நின்று, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வேறு ஆளாகிவிடும். அவர்கள் விருந்தினருக்குத் தனி கெஸ்ட் நெட்வொர்க் கொடுத்து, அலுவலகக் கணினியையும் கேமராவையும் வேறு வலையில் வைத்து, அந்தச் சின்ன வலையை மட்டும் கண்காணித்தால் போதும்.