மாக் ஸ்க்ரேப்: புட்டியா, கிளையா, கொம்பு மோதலா?

செப்டம்பர் பிறந்ததும் அமெரிக்காவின் மிச்சிகன், விஸ்கான்சின் பக்கத்து வேட்டைச் சாமான் கடைகளில் ஒரு அலமாரி முழுக்கச் சின்னச் சின்னப் புட்டிகள் வந்து உட்கார்ந்துகொள்ளும். பருவத்துக்கு வந்த பெண்மானின் மூத்திரம், முரட்டுக் கிடாவின் மூத்திரம், கண்ணோரச் சுரப்பி நீர், மானே சம்பந்தப்படாத செயற்கைச் சரக்கு. விலை பத்து டாலர், இருபது டாலர். மான் பிறாண்டியது போல மண்ணைக் கிளறி (இந்தப் போலிக்குத்தான் மாக் ஸ்க்ரேப் என்று பெயர்) இதை ஊற்றினால் போதும், கொம்பு விரித்த கிடா பரணுக்குக் கீழே வந்து நிற்கும் என்று அட்டையிலுள்ள படம் ஆசை காட்டும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புட்டியைவிட, கிளறிய மண்ணுக்கு மேலே தொங்கும் கிளை முக்கியம். கிளையைவிட அதைக் கட்டும் இடம் முக்கியம். பட்டப்பகலில் ஒரு கிடாவை வில்லெட்டும் தூரத்துக்கு வரவழைப்பதுதான் நோக்கம் என்றால், வருஷத்தில் சில நாட்களுக்கு இவை எல்லாவற்றையும், கிடாச் சண்டை போலக் கேட்கும்படி இரண்டு கொம்புகளைக் கையால் மோதும் சத்தம் தோற்கடித்துவிடும்.

புதியவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. வெள்ளைவால் மானின் கிடா, இணைசேரும் பருவம் நெருங்கும்போது, தாழ்ந்து தொங்கும் ஒரு கிளையை நக்கும், கடிக்கும், நெற்றியையும் கண்ணோரத்தையும் அதில் தேய்க்கும். பிறகு அதன் கீழே முன்னங்காலால் தரையைப் பிறாண்டி, பின்னங்கால்களை ஒடுக்கி, முழங்கால் மடிப்பிலுள்ள சுரப்பி மயிரின் மேல் வழியும்படி மூத்திரம் பெய்யும். இதுதான் ஸ்க்ரேப். வடக்கு மாநிலங்களில் அக்டோபர் கடைசியிலும் நவம்பர் முதல் வாரத்திலும் இது உச்சத்தில் இருக்கும். இதையே மனிதன் தன் கையால் போலியாகச் செய்துவைத்தால் மாக் ஸ்க்ரேப்.

கிளைக்கும் புட்டிக்கும் நடுவே

இந்த வழக்கில் நல்ல சாட்சி மிச்சிகனின் மேல் தீபகற்பத்திலேயே இருக்கிறது. அங்குள்ள கூசினோ ஆய்வு நிலையத்தில் மான்களைப் பல ஆண்டுகள் கவனித்த ஜான் ஓசோகா, மான் நடக்கும் தடங்களின் மேல் கிளைகளைத் தொங்கவிட்டுப் பார்த்தார். வாசனை எதுவும் தெளிக்காமலே கிடாக்கள் வந்து கீழே பிறாண்டத் தொடங்கின. முடிவை 1989இல் வெளியிட்டார். இத்தனை ஆண்டுகள் ஆகியும் புட்டி அலமாரி மட்டும் சிறுத்தபாடில்லை!

காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். தரையிலுள்ள பள்ளத்தைக் கிடா பருவத்தில் மட்டுமே தேடும். கிளையை வருஷம் முழுக்க, ஆண் பெண் பேதமில்லாமல், போகிற வருகிற மான் எல்லாம் முகர்ந்துவிட்டுப் போகும். சரியான உயரத்தில் கிளை இருந்தால் பள்ளத்தை அவையே தோண்டிக்கொள்ளும். கிளை இல்லாமல் பள்ளம் மட்டும் தோண்டி அதில் எத்தனை டாலரை ஊற்றினாலும், ஓரிரு முறை மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும்.

கிளையிலும் மூன்று வழி உண்டு. மரத்தில் இருக்கும் பச்சைக் கிளையை வளைத்துக் கயிற்றால் இழுத்துக் கட்டுவது முதல் வழி. நுனி தரையிலிருந்து நாலரை அடி, ஐந்தடி உயரத்தில், ஏறக்குறைய ஆளின் நெஞ்சுக்கு நேராக இருக்க வேண்டும். இடம் அமைந்தால் இதை அடிக்க ஒன்றுமில்லை. இரண்டாவது, வேறெங்கோ வெட்டிய கிளையைக் கொண்டுவந்து கட்டுவது. ஓக் என்றால் காய்ந்த இலை உதிராமல் கொஞ்ச நாள் தாங்கும், மற்றவை சீக்கிரம் முறிந்துவிடும். மூன்றாவது, விரல் பருமனுள்ள மணிலாக் கயிற்றைத் தொங்கவிட்டு நுனியைப் பிரித்துவிடுவது. பார்க்க அசட்டுத்தனமாக இருக்கும். ஆனால் நார் எச்சிலையும் சுரப்பி நீரையும் பிடித்துவைத்துக்கொள்கிறது, காற்றுக்கும் பனிக்கும் அசைவதில்லை, அடுத்த வருஷமும் அங்கேயே இருக்கிறது. மரமே இல்லாத வயல் நடுவில் ஒரு கம்பம் நட்டு இதைத் தொங்கவிட்டால், மேய வரும் மான்கள் கம்பத்தைப் பார்த்துவிட்டு வராமல் இருக்காது. செலவுக்கும் பலனுக்கும் கணக்குப் பார்த்தால் என் ஓட்டு கயிற்றுக்கே. பொது நிலத்தில் கயிறு கட்டுவதற்கு முன் அந்த மாநில விதியைப் படித்துவிடுங்கள்.

இப்போது புட்டி. பண்ணை மான்களிடமிருந்து சேகரித்த மூத்திரம் புட்டியில் கிடக்கக் கிடக்க, பாக்டீரியா அதிலுள்ள யூரியாவை அம்மோனியா ஆக்கிவிடும். அந்த நிலையில் எந்த விலங்கின் மூத்திரம் என்பதே பெரிதாகத் தெரியாது. இங்குள்ள பழைய வேட்டைக்காரர்கள் பலர் பரணிலிருந்து இறங்கியதும் தாங்களே பள்ளத்தில் பெய்துவிட்டு வருவார்கள். மான் ஒன்றும் மிரண்டு ஓடுவதில்லை. பருவத்துக்கு வந்த பெண்மான் வாசனையைச் செப்டம்பரிலேயே தெளிப்பது மாசி மாதத்தில் தீபாவளி வெடி வெடிப்பது போல. கேட்பவன் திரும்பிப் பார்ப்பான், கொண்டாட வரமாட்டான். நவம்பர் முதல் வாரத்தில் அதற்கு ஏதோ அர்த்தமிருக்கலாம். புட்டி வாங்கியே தீருவேன் என்றால் கண்ணோர, நெற்றிச் சுரப்பி வாசனையின் செயற்கை வடிவத்தை வாங்கிக் கிளையில் தடவுங்கள், தரையில் ஊற்றாதீர்கள். சூட்டில் சொட்டும் கருவிகளும் விற்கின்றன: பகலில் உள்ளிருக்கும் காற்று விரிந்து சொட்டுச் சொட்டாகத் தள்ளும், இரவில் குளிர்ந்து நிற்கும், அதனால் கிடா பகலில் வரப் பழகும் என்கிறார்கள். பௌதிகம் சரி. கிடாவின் மனசு அப்படி வேலை செய்யும் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

இயற்கை மூத்திரத்தை ஒதுக்க இன்னும் பெரிய காரணம் சி.டபிள்யூ.டி. (க்ரானிக் வேஸ்டிங் டிஸீஸ்) எனும், மானை மெல்ல உருக்கிக் கொல்லும் நோய். 1967இல் கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸில் அடைத்து வளர்த்த மான்களிடம் முதலில் கவனிக்கப்பட்டது. உருக்குலைந்த புரதமான பிரியான்தான் கிருமி மாதிரி பரவுகிறது. எச்சிலிலும் மூத்திரத்திலும் சாணத்திலும் வெளியேறி மண்ணில் ஆண்டுக்கணக்கில் தங்கும். மருந்தில்லை. இதனால்தான் வர்ஜீனியா 2015லும் வெர்மான்ட் 2016லும் இயற்கை மான் மூத்திரத்தைத் தடைசெய்தன. வேறு பல இடங்களிலும் தடையோ கட்டுப்பாடோ உண்டு. ஊரார் மான் எல்லாம் ஒரே கிளையை நக்க வைப்பதே இந்த வித்தை என்பதால், நோய் இருக்கும் வட்டாரத்தில் கிளை கட்டுவதையும் நான் இரண்டு முறை யோசிப்பேன்.

நிஜத்தின் மேல் உட்காருவதா, போலியை உருவாக்குவதா?

மான் தானே போட்ட ஸ்க்ரேப் கிடைத்தால் போலி எதற்கு என்று கேட்கலாம். நியாயம்தான். வருஷா வருஷம் ஒரே இடத்தில் திறக்கும் பழைய தடம், பல கிடாக்கள் வந்துபோகும் இடம், கிடைத்தால் அதை மிஞ்ச முடியாது. ஆனால் வயல் ஓரத்தில் வரிசையாகக் காண்பவை பெரும்பாலும் ஓர் இரவில் போகிற போக்கில் போட்டவை, திரும்பிப் பார்க்கப்படாதவை. நல்ல தடம் அமைந்தாலும் அது பரணுக்கு வாகாக இராது. காற்று உங்கள் வாடையை நேராக அதன்மேல் கொண்டுபோய்க் கொட்டும்.

போலியின் ஒரே பெரிய பலம் இடத்தை நீங்கள் தேர்ந்தெடுப்பது. அதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. மூத்த கிடா ஸ்க்ரேப்புக்கே வராமல், காற்றுக்குக் கீழ்ப்புறம் சற்றுத் தள்ளி நடந்து மோந்துவிட்டுப் போய்விடும். பரண் ஸ்க்ரேப்பை மட்டும் பார்த்தபடி இருந்தால் அது முதுகுக்குப் பின்னால் போவது தெரியாது. அந்தக் கீழ்க்காற்றுத் தடமும் அம்பு எட்டும் தூரத்தில் விழும்படி பரணைப் போட வேண்டும்.

இதெல்லாம் சரியாக அமைந்தாலும் நேரம் என்ற சிக்கல் விடாது. ஜார்ஜியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஸ்க்ரேப்புகளில் வீடியோ கேமரா வைத்து, கிடாக்களின் பிறாண்டல் வேலையில் சுமார் 85 சதவீதம் இருட்டில்தான் நடக்கிறது என்று 2001இல் எழுதினார்கள். ஆகவே மாக் ஸ்க்ரேப்பை நான் முதலில் வேவு பார்க்கும் இடமாகவே மதிக்கிறேன். கோடை முடிவில் கயிறு கட்டி எதிரே டிரெயில் கேமராவை (அசைவு கண்டதும் தானே படமெடுக்கும் காட்டுக் கேமரா) வீடியோவில் வைத்தால், வட்டாரத்தில் எந்தெந்தக் கிடா இருக்கிறது, எப்போது பகலில் நடமாடத் தொடங்குகிறது என்று தெரிந்துவிடும். தீனி போட்டு மானை வரவழைப்பதற்கு மிச்சிகனின் கீழ்த் தீபகற்பத்தில் 2019 முதல் தடை வந்தபின் இதன் மதிப்பு கூடிவிட்டது.

சத்தம்

கொம்பு மோதல் இதற்கு நேர் எதிர். வேவுக்கு உதவாது, ஆனால் உடனடிப் பலன். 1990களின் முற்பாதியில் தெற்கு டெக்சஸின் வெல்டர் சரணாலயத்தில் மிக்கி ஹெலிக்சன் குழு 171 முறை கொம்புகளை மோதிப் பார்த்ததில் 111 கிடாக்கள் வந்தன. மெல்ல மோதியதைவிட உரக்க மோதியதற்கு ஏறக்குறைய மூன்று மடங்கு வரவு. பாதிக்கு மேல் காற்றுக்குக் கீழ்ப்புறமாகவே வந்தன. அந்தச் சரணாலயத்தில் முதிர்ந்த கிடாக்கள் ஏராளம் என்பதை மறக்கக் கூடாது. நவம்பர் 15 துப்பாக்கிப் பருவம் தொடங்கியதும் இளங்கிடாக்களில் பெரும்பகுதி விழுந்துவிடும் மிச்சிகன் காட்டில் அந்தக் கணக்கை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். இருந்தாலும் நவம்பர் முதல் பத்து நாள் காலை வேளையில், கயிற்றருகே கேமராவில் பகலில் சிக்கிய கிடா ஒன்று இருந்தால், நான் கொம்புகளைக் கையில் எடுப்பேன். கூடல் உச்சமடைந்து கிடாக்கள் பெண்மானோடு ஒட்டிக்கொண்டபின் ஸ்க்ரேப் காய்ந்துபோகும். அப்போது கயிற்றடியில் உட்காருவது வீண்.

கிடாவை ஈர்க்க நிறுத்தும் பொம்மை மான் திறந்த வயலில் நன்றாக வேலை செய்யும், புதர்க்காட்டில் யார் கண்ணிலும் படாது. துப்பாக்கிப் பருவத்தில் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்காதீர்கள்.

டெக்சஸ் தமிழர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி, அங்கே திரியும் புள்ளிமானுக்கு இதெல்லாம் செல்லுமா என்பது. நம் காட்டில் 1972 சட்டப்படி தொடக்கூடாத அந்த மான், 1930களில் டெக்சஸில் கொண்டுபோய் விடப்பட்டு இன்று ஆண்டு முழுதும் வேட்டையாடப்படுகிறது. புள்ளிக் கிடாவும் பின்னங்காலில் எழுந்து கிளையில் முகம் தேய்க்கும். ஆனால் அதற்கு வெள்ளைவாலைப் போல எல்லாக் கிடாக்களும் ஒரே சமயத்தில் வெறிகொள்ளும் குறுகிய பருவம் கிடையாது. எந்த மாதத்திலும் ஒரு கிடா கொம்போடு தயாராக இருக்கும், இன்னொன்று மென்கொம்போடு திரியும். அங்கே கயிறும் புட்டியும் வேண்டாம். தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் தடத்தில் பரண் போடுங்கள்.