கிராம்பு செய்த உபகாரம்

"அண்ணாச்சி, நீங்க தேய்க்கிற பல்பொடிய நானும் வாங்கவா?" என்று புனலூரிலிருந்து தம்பி ஒருத்தர் போன் பண்ணியபோது, ரூட் கேனால் முடித்துப் பாதி வாய் மரத்துக் கிடந்தேன். 'ம்' மட்டும்தான் வந்தது. மீதி இங்கே.

செங்கோட்டைக் கடைத்தெருவில் வாங்குவது. கருவேலம்பட்டை, வேப்பம்பட்டை, கடுக்காய், கிராம்பு, இந்துப்பு. 3 வருஷமாகக் காலையும் ராத்திரியும் இதுதான். ஈறு விஷயத்தில் குறையே சொல்ல மாட்டேன். முன்பு துப்பினால் சிவப்பாக வரும். இரண்டே மாசத்தில் நின்றது. துவர்ப்பு ஈறை இறுக்கிப் பிடிக்கிறது. சின்ன வயசில் ஆரியங்காவு அத்தை வீட்டில் உமிக்கரி தேய்த்து ஈறைக் கிழித்துக்கொண்டவனுக்கு இது பட்டு. சாரல் மாசங்களில் டப்பாவுக்குள் கருப்பட்டி மாதிரி இறுகிவிடும், கரண்டிக் காம்பால் குத்தி எடுக்கணும். அது போகட்டும்.

என் கோபமெல்லாம் கிராம்பு மேல். போன ஐப்பசியில் பச்சைத் தண்ணீர் பட்டாலே வலது கீழ்க் கடைவாய் சுரீர் என்றது. ஒரு சிட்டிகைப் பொடியை அங்கே அடக்கினேன். கொஞ்ச நேரத்தில் வலி போன இடம் தெரியவில்லை. வீட்டில் பெருமை வேறு அடித்துக்கொண்டேன். இப்படியே 6 மாசம் ஓடியது. கிராம்பில் இருக்கும் யூஜினால் வலியை மரக்கடிக்கும், ஓட்டையை அடைக்காதே! வாயில் தங்கிய இனிப்பைத் தின்று கிருமி விடுகிற அமிலம் அது பாட்டுக்குப் பல்லின் மேல்பூச்சான எனாமலைக் கரைத்திருக்கிறது. அதுவும் இரண்டு பல்லுக்கு நடுவில், விரல் போகாத சந்தில். பார்டர் பரோட்டா தின்ற ராத்திரிகளில் கறி நார் சிக்குமே, அதே சந்து.

எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தபடி மலையாள டாக்டரம்மா, "பொடியில் ஃப்ளூரைடு உண்டோ?" என்றார். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இல்லை. வேம்பும் கிராம்பும் ஆய்வுக்கூடத்தில் கிருமியை அடக்கும், சரி. கரையத் தொடங்கிய எனாமல் திரும்ப இறுகணும் என்றால் 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1000 பங்கு) ஃப்ளூரைடாவது உள்ள பேஸ்ட் போடுங்கள் என்றார். பல் சந்தைச் சுத்தம் பண்ண நூல் (ஃப்ளாஸ்) விடச் சொன்னார்.

டப்பா 60 ரூபாய். பல்லுக்குக் கேப்போடு 7,500.

ஆகவே தம்பி, உங்களுக்கு வேண்டாம். நான் ராத்திரிக்குப் பேஸ்டுக்கு மாறிவிட்டேன். காலையிலும் 4 நாள் அதையே போட்டுப் பார்த்தேன். மிட்டாய் தின்ற மாதிரி இருக்கிறதே ஒழிய, வாய் கழுவின மாதிரியே இல்லை. நேற்று கடைத்தெருப் பக்கம் போனவன் 2 டப்பா வாங்கி வந்துவிட்டேன். வீட்டில் இன்னும் காட்டவில்லை.